மூட்டை மாற்றினால் போதுமா?

தமிழகத்தின் எந்த நகரத்துக்குச் சென்றாலும் பேருந்தின் பின்புறத்திலும் நாளிதழின் முதல் பக்கத்திலும் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கான விளம்பரங்களைக் காண முடிகிறது. 'ரோபோ உதவியுடன் அறுவை சிகிச்சை', 'மறுநாளே நடக்கலாம்', 'எளிய தவணை வசதி' என்கிற வாசகங்கள் முதியோரை அழைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமண மண்டபங்களில் இலவச மூட்டுவலி முகாம்கள் நடைபெறுகின்றன. ஒரு காலத்தில் அரிதாக இருந்த ஒரு சிகிச்சை, இன்று நடுத்தரக் குடும்பங்களின் வரவு - செலவுத் திட்டத்தில் இடம்பெறும் இனமாகிவிட்டது.

பிரதமராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பையில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டபோதுதான் இப்படி ஒரு சிகிச்சை இருப்பதைச் சாமானிய இந்தியர் பலர் அறிந்தனர். அந்த அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத், 1970-களில் நியூயார்க்கில் ஜான் இன்சாலுடன் இணைந்து நவீன செயற்கை முழங்கால் மூட்டை வடிவமைத்தவர்களில் ஒருவர். அந்த வடிவமைப்பின் வழிவந்த மூட்டுகளே இன்று உலகெங்கும் லட்சக்கணக்கானோரை நடக்க வைத்துக் கொண்டிருக்கின்றன.

இது ஒரு நல்ல சிகிச்சை என்பதில் ஐயமில்லை. 66 வயதில் அதைச் செய்துகொண்டவன் என்கிற முறையில் அதை உறுதியாகவே சொல்வேன். ஆனால், பொருளியல் படித்தவனின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. இந்த சிகிச்சையில் மூன்று கட்டங்கள் உண்டு: முடிவெடுப்பது, அறுவை, மீள்வது. இவற்றில் நடுக் கட்டத்துக்கு மட்டுமே நாம் விலை நிர்ணயித்திருக்கிறோம். அதற்கு மட்டுமே காப்பீடு வழங்குகிறோம். முன்னும் பின்னும் உள்ள இரு கட்டங்களையும் நோயாளியின் தலையிலும் அவர்தம் குடும்பத்தின் தலையிலும் விட்டுவிட்டோம். சிகிச்சையின் பலனைப் பெருமளவு தீர்மானிப்பவையோ அந்த இரு கட்டங்கள்தான்.

முதலில் நடுக் கட்டத்தைப் பார்ப்போம். 2017 ஆகஸ்ட் மாதத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் - குரோமியம் வகை மூட்டின் சராசரி அதிகபட்ச சில்லறை விலை அதுவரை ரூ.1,58,324-ஆக இருந்தது, அது வரி நீங்கலாக ரூ.54,720-ஆகக் குறைக்கப்பட்டது. டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக வகைக்கு ரூ.76,600 என வரம்பு விதிக்கப்பட்டது. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை என ஒவ்வொரு படியிலும் லாபம் ஏறிக்கொண்டே போனதை ஆணையம் கணக்கிட்டுக் காட்டியது. ஆண்டுக்கு ரூ.1,500 கோடி வரை நோயாளிகளுக்கு மிச்சமாகும் என்று மத்திய அரசு அறிவித்தது. அந்தக் கட்டுப்பாடு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சந்தை தானாகச் செய்யத் தவறியதை அரசு செய்தது, வரவேற்கத்தக்க நடவடிக்கை.

எனினும், நோயாளி வாங்குவது மூட்டு எனும் பொருளை மட்டுமல்ல. என்னுடைய மருத்துவமனை பில் ஏறத்தாழ 2 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். அதில் செயற்கை மூட்டின் விலை சுமார் 60 ஆயிரம் ரூபாய். அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அறுவை அரங்கக் கட்டணம், மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறை வாடகை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி வீசும் பொருள்கள் ஆகியவையே மீதி. இவை எதற்கும் உச்சவரம்பு இல்லை. தண்ணீர் நிரம்பிய பையை ஓரிடத்தில் அழுத்தினால் வேறோரிடத்தில் புடைப்பதைப் போல, ஒரு பொருளின் விலையை மட்டும் கட்டுப்படுத்தும்போது மற்ற இனங்களின் கட்டணம் உயர்வதற்கான தூண்டுதல் உருவாகிறது. விலைக் கட்டுப்பாடு பற்றிய பாலபாடம் இது.

ஆனால், செலவைவிடப் பெரிய கேள்வி, இந்த சிகிச்சை யாருக்கு, எப்போது தேவை என்பது. பொருளியலில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவச் சந்தையின் அடிப்படைச் சிக்கலை விளக்கினார். பிற சந்தைகளில் வாங்குபவருக்குத் தாம் வாங்குவது என்னவென்று ஓரளவேனும் தெரியும். மருத்துவத்திலோ, என்ன தேவை என்பதையும் விற்பவரே சொல்கிறார். அத்துடன், மூட்டு மாற்று வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே நேர்வது. காய்கறிக் கடையில் ஏமாந்தவர் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போகலாம். மூட்டை மாற்றிக்கொண்டவரால் அவ்வாறு பாடம் கற்றுப் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

எக்ஸ்ரே படத்தைக் காட்டி, 'எலும்போடு எலும்பு உரசுகிறது. நான்காம் நிலை' என்று சொல்லப்படும்போது நோயாளி அச்சமடைவது இயல்பு. மூட்டுத் தேய்மானத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை வகைப்படுத்தும் கெல்கிரன் - லாரன்ஸ் அளவுகோல் 1957 முதல் புழக்கத்தில் உள்ளது. ஆனால், அது படத்தின் நிலையைச் சொல்கிறதே தவிர, மனிதரின் நிலையைச் சொல்வதில்லை. படத்தில் கடுமையான தேய்மானம் தெரியும் சிலர் ஓரளவு நன்றாகவே நடமாடுகிறார்கள். மிதமான தேய்மானம் உள்ள சிலர் வலியால் துடிக்கிறார்கள். இரவுத் தூக்கம் கெடுகிறதா, அன்றாட வேலைகள் முடங்குகின்றனவா, மற்ற சிகிச்சைகளை முறையாகச் செய்தும் பலனில்லையா என்பவையே முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்.

மற்ற சிகிச்சைகள் என்பது வெறும் ஒப்புக்குச் சொல்லப்படுவது அல்ல. டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. மூட்டு மாற்றுக்குத் தகுதியானவர்கள் என்று தீர்மானிக்கப்பட்ட 100 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுக்களுக்கும் 12 வார உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, வலி மருந்து உள்ளிட்ட சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு மட்டும் அதற்கு முன்னதாக அறுவை சிகிச்சையும் செய்யப்பட்டது. ஓராண்டின் முடிவில், அறுவை செய்துகொண்டவர்களில் 85 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். அறுவை செய்துகொள்ளாதவர்களில் 68 சதவீதத்தினரும் அத்தகைய முன்னேற்றம் கண்டனர். அந்த ஓராண்டில் அறுவையை நாடியவர்கள் அவர்களில் நான்கில் ஒரு பங்கினர்தான். கடுமையான பக்கவிளைவுகளோ அறுவைக் குழுவில் 24, மற்றதில் 6.

இந்த எண்களை இரு விதமாகவும் படிக்க வேண்டும். அறுவை சிகிச்சை அதிகப் பலன் தருகிறது என்பது உண்மை. பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் பலர் அதைத் தள்ளிப்போடலாம் என்பதும் அதே அளவு உண்மை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தள்ளிப்போடுவதற்கும் மதிப்பு உண்டு. 2019-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. எழுபது வயதில் செய்துகொள்பவருக்கு ஒரு மூட்டு ஆயுள் முழுவதும் போதும். ஐம்பதில் செய்துகொள்பவருக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அது முதல் அறுவையைவிடச் சிக்கலானது, செலவும் கூடியது.

இன்னோர் எண்ணையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. எஞ்சிய வலி, விறைப்பு, நிறைவேறாத எதிர்பார்ப்பு ஆகியவை காரணங்கள். எதிர்பார்ப்பு என்பது நம் நாட்டில் தனியே பேசப்பட வேண்டியது. நாம் தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள். கோயிலில் விழுந்து வணங்குபவர்கள். கிராமங்களில் பெரும்பாலும் குந்தி அமரும் கழிப்பறையைப் பயன்படுத்துபவர்கள். செயற்கை மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரை மடங்கும். நாற்காலிக்கும் படிக்கட்டுக்கும் அது போதும்; குந்துவதற்குப் போதாது. இதை அறுவைக்கு முன்பே தெளிவாகச் சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

எனக்கு முதலில் ஆலோசனை சொன்ன இடத்தில் இரு முழங்கால்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம் என்றார்கள். செலவு குறையும் என்பது அவர்கள் வாதம். வேறொரு மருத்துவரை அணுகியபோது, வலது காலுக்கு மட்டும் தேவை, இடது காலுக்குப் பயிற்சியே போதும் என்றார். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுவது இதய, நுரையீரல் நோயுள்ள முதியோருக்கு ஆபத்தைக் கூட்டும். ஆரோக்கியமானவர்களுக்கு அது ஏற்கத்தக்க தேர்வாகவும் இருக்கலாம். இதில் யார் சொன்னது சரி என்பதைவிட முக்கியமானது, இரண்டாவது கருத்தைக் கேட்க எனக்குப் பணமும் நேரமும் மகனின் துணையும் இருந்தன என்பதே. அவை இல்லாதவருக்கு முதல் கருத்தே முடிவாகிவிடுகிறது.

ரோபோ உதவியும் இத்தகையதே. அது மூட்டைத் துல்லியமாகப் பொருத்தத் துணைபுரிகிறது. ஆனால், நெடுங்கால வலியிலும் நடையிலும் வழக்கமான முறையைவிட அது தெளிவாக மேலானது என்று இதுவரை ஐயமற நிறுவப்படவில்லை. அதற்கான கூடுதல் கட்டணமோ உடனடியாக வசூலிக்கப்படுகிறது. நிறுவப்படாத மேன்மைக்கு நோயாளி விலை கொடுப்பது புதிதல்ல. தேய்ந்த மூட்டுக்குள் நுண்துளை வழியே கருவியைச் செலுத்திச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், தோலை மட்டும் கீறிவிட்டுத் தைத்த போலி அறுவைக்கும் அதற்கும் பலனில் வேறுபாடே இல்லை என்பது தெரியவந்தது.

இனி மூன்றாம் கட்டம். 'மறுநாளே நடக்கலாம்' என்பது பொய்யன்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறுநாள் நானும் நடந்தேன். ஆனால், அது நடையின் தொடக்கம் மட்டுமே. முதல் இரு வாரங்களில் இரவு வலி கடுமையாக இருக்கும். வீக்கம் வடிய ஐஸ் ஒத்தடம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, காயத்தில் தொற்று ஏற்படாமல் கவனிப்பு, நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு என ஒவ்வொரு நாளும் ஒரு வேலைத்திட்டம். காலை முழுமையாக நீட்டவும், 90 பாகை வரை மடக்கவும் முதல் சில வாரங்களிலேயே பழக்க வேண்டும். தவறினால் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டிய நிலை வரலாம். தொடைத் தசை அறுவைக்குப் பின் வெகுவாக வலுவிழக்கிறது. அதை மீட்க மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பிடிக்கும்.

இதற்கான செலவு யாருடையது? என் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் 36 முறை வந்தார். ஒரு முறைக்கு ரூ.600. மொத்தம் ரூ.21,600. மருத்துவமனை பில்லின் பெரும்பகுதியை ஏற்ற காப்பீட்டு நிறுவனம், இந்தத் தொகையை ஏற்க மறுத்துவிட்டது. 2 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்ச் செலவின் பலனை உறுதிசெய்வதே அந்த 21 ஆயிரம்தான். வீடு கட்டக் கடன் கொடுத்துவிட்டுக் கூரைக்கு மட்டும் கொடுக்க மாட்டோம் என்பது போன்ற கணக்கு இது. கழிப்பறையில் கைப்பிடி, உயரமான நாற்காலி, வாக்கர் ஆகியவையும் கைக்காசுதான். எந்தப் பில்லிலும் வராத இன்னொரு செலவும் உண்டு. ஆறு வாரங்கள் என்னை எழுப்பி, குளிக்க வைத்து, பயிற்சிக்கு அழைத்துச் சென்றவர் என் மனைவி. பெண்களின் ஊதியமற்ற உழைப்பு என்று வகுப்பறையில் நாங்கள் போதிக்கும் கருத்தின் நடைமுறை வடிவம் அது. முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். அந்தப் பெண்ணுக்கே அறுவை என்றால் அவரை எழுப்பி நடக்க வைப்பவர் யார் என்பது, பல வீடுகளில் அறுவையையே தள்ளிப்போட வைக்கும் கேள்வி.

ஓய்வூதியம் பெறும் எனக்கு இவை சமாளிக்கக்கூடியவை. ஏழைகளின் நிலை வேறு. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள் ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். மூட்டு மாற்றும் அதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளில் திறமை வாய்ந்த மருத்துவர்கள் அதைச் செய்து வருகிறார்கள். நாடு முழுவதும் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை விரிவுபடுத்தும் அறிவிப்பு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, இனி இந்த அறுவைகளின் எண்ணிக்கை பெருகவே செய்யும். அதில் பொதுப்பணத்தின் பங்கும் பெருகும்.

நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டும் களை பறித்தும் முழங்கால் தேய்ந்த ஒரு பெண், மாவட்டத் தலைநகரில் இலவசமாக அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயன்முறை சிகிச்சை வேண்டுமானால் இரண்டு பேருந்து மாறி அதே மருத்துவமனைக்கு வர வேண்டும். வாக்கரோடு பேருந்தில் ஏறுவது எப்படி? உடன் வருபவரின் ஒரு நாள் கூலி போகும். வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்திருப்பார். மூன்று மாதத்தில் மூட்டு விறைத்துவிடும். திட்டத்தின் கணக்கேட்டில் அது வெற்றிகரமாக முடிந்த ஓர் அறுவை; அவருடைய வீட்டிலோ அது வீணாய்ப்போன ஓர் அறுவை. பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் பார்த்துத் தமக்கு வேண்டாம் என்று முடிவுசெய்வார்.

இதைச் சரிசெய்யப் புதிதாகப் பெரிய அமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பது ஏற்கெனவே ஓர் அங்கம். மூட்டு மாற்று முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் பெயரும் அன்றைய தினமே அந்தப் பகுதியின் இயன்முறை மருத்துவருக்குச் சென்று சேரும் ஏற்பாடு இருந்தால், நான் சொன்ன பெண்ணுக்குப் பேருந்து தேவைப்படாது. அந்தப் பணிக்குப் போதிய ஆள்களை நியமிப்பது செலவுதான். அறுவைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறியது.

அடுத்து, காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தரும் முறை மாற வேண்டும். அமெரிக்காவின் மெடிகேர் 2016-இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதன்படி, இடுப்பு, முழங்கால் மாற்று செய்யும் மருத்துவமனையே, நோயாளி வீடு திரும்பிய பிறகு 90 நாள்கள் வரையிலான செலவுக்கும் தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. சிகிச்சையின் தரம் குறையாமல் செலவு ஓரளவு குறைந்தது என்பதே அதைப் பற்றிய மதிப்பீடு. நம் சூழலில் இதன் பயன் செலவுக் குறைப்பைவிடப் பொறுப்பேற்பில்தான் இருக்கும். தொகையின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, 90-ஆம் நாளில் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, நோயாளி துணையின்றி நடக்கிறாரா என்று பார்த்து விடுவிக்கலாம். தனியார் காப்பீட்டிலும் இயன்முறை சிகிச்சையைச் சேர்ப்பதை ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கலாம். முதல் கட்டத்துக்கும் இதே அணுகுமுறை தேவை. அவசரமில்லாத நேர்வுகளில், மூன்று மாதப் பயிற்சி சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டமே பணம் தந்து, அதன் பிறகும் தேவையென்றால் அறுவைக்கு ஒப்புதல் அளிக்கலாம். கடும் முடக்கத்தில் இருப்பவர்களை இதில் காக்க வைக்கக் கூடாது என்பதும் விதியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பதிவேடு. சுவீடன் 1975 முதலே முழங்கால் மாற்றுகளுக்குத் தேசியப் பதிவேடு வைத்திருக்கிறது. பிரிட்டன் 2003-இல் தொடங்கியது. எந்த மூட்டு எத்தனை ஆண்டு நீடித்தது, எங்கே மறு அறுவை அதிகம் என்பதெல்லாம் அங்கே ஆண்டுதோறும் வெளியாகிறது. 2010-இல் குறைபாடுள்ள ஓர் இடுப்பு மூட்டு உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, அதன் குறையை முதலில் சுட்டிக்காட்டியவற்றுள் ஆஸ்திரேலியப் பதிவேடு முக்கியமானது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அதே மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. நம் நாட்டில் மருத்துவர் சங்கத்தின் முயற்சியால் நடக்கும் பதிவேடு தன்னார்வ அடிப்படையிலானது. பொதுப்பணத்தில் செய்யப்படும் அறுவைகளையாவது கட்டாயமாகப் பதிவு செய்து வெளியிட்டால், முகாமுக்குப் போகும் முதியவரிடம் விளம்பரத்தைத் தவிர வேறொரு தகவலும் இருக்கும்.

2017-இல் அரசு தலையிட்டபோது, மூட்டின் விலை குறைந்தால் ஏழைக்கு நடை கிடைத்துவிடும் என்கிற நம்பிக்கை அதன் பின்னே இருந்தது. விலை குறைந்தது. ஆனால், நடை என்பது கடையில் வாங்கும் பொருளன்று. சரியான நேரத்தில் சரியான ஆலோசனையும், அறுவைக்குப் பிறகு பல வாரப் பயிற்சியும், பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஒரு கையும் சேர்ந்து உருவாக்குவது அது. மூட்டுக்கு விலை நிர்ணயித்த அரசு, இனி எத்தனை அறுவைகள் நடந்தன என்று எண்ணுவதோடு நிற்காமல், அவர்களில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்றும் எண்ணத் தொடங்க வேண்டும்.